பிரெட்டை ஃபிரீசரில் வைத்து எடுப்பது: புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு

வாங்கிய பிரெட்டை ஃபிரிட்ஜின் நடுத்தட்டில், மாவுப் பாத்திரத்துக்கும் தயிர் டப்பாவுக்கும் இடையில் செருகி வைக்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் முதலில் அதை விடுங்கள். பிரெட்டை வெளியே வைக்கலாம், ஃபிரீசரிலும் வைக்கலாம். இரண்டுக்கும் நடுவில் ஜில்லென்று இருக்கிற அந்த இடம்தான் அதற்கு ஆகாது. அங்கே சீக்கிரம் பூஞ்சை பிடிக்காது, உண்மைதான். ஆனால் மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் வறவறவென்று, வளைத்தால் உடைகிற மாதிரி, கூடவே ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் தொண்டையில் இறங்கும் என்கிற நிலையில் இருக்கும்.

இது யாருக்கு உதவும் என்றால், தனியாகவோ இரண்டு பேராகவோ குடியிருந்துகொண்டு, 400 கிராம் பாக்கெட் வாங்கி, பாதியைத் தின்று மீதியைக் குப்பையில் போடுகிறவர்களுக்கு. ஐந்தாறு பேர் இருக்கிற வீட்டில் காலையில் வந்த பிரெட் மாலைக்குள் தீர்ந்துவிடும், அவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம்.

ஃபிரிட்ஜ் ஏன் ஆகாது

ஈரம் காய்ந்து போவதால்தான் பிரெட் கெட்டியாகிறது என்று நினைக்கிறோம். அது பாதிதான் சரி. 1852லேயே பூசிங்கோ என்ற பிரெஞ்சு வேதியியலாளர் இதைச் சோதித்துப் பார்த்துவிட்டார். ஈரம் வெளியேற முடியாதபடி காற்றுப் புகாமல் அடைத்து வைத்த ரொட்டியும் கெட்டியாகத்தான் செய்கிறது, அதையே 60 டிகிரி வரை சூடாக்கினால் மறுபடி மெத்தென்று ஆகிவிடுகிறது என்று காட்டினார். நடப்பது இதுதான். மாவில் இருக்கிற ஸ்டார்ச், வேகும்போது தண்ணீரைக் குடித்துக் கட்டுக்குலைந்து கூழாகிறது. ஆறிய பிறகு அதே மூலக்கூறுகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பவும் வரிசை கட்டி இறுகுகின்றன, தண்ணீர் எங்கேயும் போகாவிட்டாலும் அந்த இறுக்கம் பல்லுக்குத் தெரிந்துவிடுகிறது. இந்த இறுகல் மிக வேகமாக நடப்பது உறைநிலைக்குச் சற்று மேலே, அதாவது நம் வீட்டு ஃபிரிட்ஜ் எந்தக் குளிரில் ஓடுகிறதோ கிட்டத்தட்ட அதே குளிரில். சென்னையின் 32 டிகிரி வெக்கையில் அது மெதுவாக நடக்கிறது, மைனஸ் 18 டிகிரியில் அநேகமாக நின்றே விடுகிறது.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் தானாகப் புரியும். அந்த ஆபத்தான குளிரை பிரெட் இறங்கும்போதும் சரி, ஏறும்போதும் சரி, சீக்கிரமாகக் கடந்துவிட வேண்டும். ஏன் சின்னச் சின்ன பொட்டலமாகக் கட்டச் சொல்கிறோம், ஏன் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துக் குளிர் விட வைக்காதீர்கள் என்கிறோம், ஏன் நேராகத் தோசைக்கல்லில் போடச் சொல்கிறோம், எல்லாவற்றுக்கும் காரணம் இது ஒன்றுதான்.

பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்துப் பார்க்கிற வழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு தகவல். 282 என்று போட்டிருந்தால் அது கால்சியம் புரோப்பியோனேட், பூஞ்சையைத் தள்ளிப் போடுவதற்கு. 471, 481 என்பவை பிரெட் மெத்தென்று இருப்பதற்காகச் சேர்ப்பவை. இவற்றையெல்லாம் சேர்த்தும் கெட்டியாவது தள்ளிப் போகுமே தவிர நிற்காது, அதனால் 'கம்பெனி பிரெட்தானே, ஃபிரிட்ஜில் வைத்தால் ஒன்றும் ஆகாது' என்று விட்டுவிடாதீர்கள்.

முதல் வேலை: வாங்கிய அன்றே பிரிப்பது

பெரும்பாலான வீடுகளில் என்ன நடக்கிறது? பிரெட் நாலு நாள் மேடையில் கிடக்கும், இனிமேல் யாரும் தொடமாட்டார்கள் என்று தெரிந்த பிறகு, தூக்கிப் போட மனசு வராமல் ஃபிரீசருக்குப் போகும். நாலு நாள் பழைய பிரெட் உள்ளே போனால் நாலு நாள் பழைய பிரெட்தான் வெளியே வரும். உள்ளே போன நிலையிலேயே நிறுத்தி வைப்பதுதான் ஃபிரீசரின் வேலை, கெட்டுப் போனதைச் சரிசெய்வது இல்லை.

எனவே வாங்கி வந்த அன்றே, முடிந்தால் பையை இறக்கி வைத்த கையோடு, எத்தனை ஸ்லைஸ் இன்றைக்கும் நாளைக்கும் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டு அதை மட்டும் வெளியே வையுங்கள். மீதி முழுக்க உள்ளே. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாளைக்கு என்பதைக்கூட விட்டுவிட்டு இன்றைக்கு மட்டும் என்று வைத்துக்கொள்வது நல்லது, அந்த ஈரத்தில் பேக்கரி பிரெட் இரண்டாம் நாளே பூஞ்சை பூத்துவிடும்.

பேக்கரியில் சூடாக வாங்கியதாக இருந்தாலும், வீட்டில் நீங்களே சுட்டதாக இருந்தாலும், நன்றாக ஆறட்டும். வீட்டில் சுட்டது என்றால் இரண்டு மூன்று மணி நேரமாவது கம்பித் தட்டில் இருக்க வேண்டும். வெளியே தொட்டால் ஆறியது போலத் தெரிந்தாலும் நடுவில் வெதுவெதுப்பு இருக்கும், அப்படியே கட்டினால் உள்ளே வேர்த்து, அந்த ஈரம் ஐஸ் துகளாகி, எடுக்கும்போது பிரெட் நசநசவென்று ஆகிவிடும். வெட்டாத பிரெட்டை உறைய வைப்பதற்கு முன்பே ஸ்லைஸ் போட்டுவிடுங்கள். உறைந்த பிரெட்டைக் கத்தியால் அறுப்பது விரலுக்கு நல்லதில்லை.

உள்ளே வைப்பதற்கு முன் ஒரு தடவை வெளிச்சத்தில் பார்ப்பதும் அவசியம். ஒரே ஒரு ஸ்லைஸில் பச்சையாகவோ கறுப்பாகவோ ஒரு பொட்டு தெரிந்தாலும் அந்தப் பாக்கெட்டை விட்டுவிடுங்கள். அந்த இடத்தை மட்டும் கிள்ளி எறிந்துவிட்டு மீதியைத் தின்பது நம் வீடுகளில் சகஜம், ஆனால் பிரெட் முழுக்கத் துளைதுளையாக இருப்பதால் பூஞ்சையின் இழை கண்ணுக்குத் தெரிகிற பொட்டைத் தாண்டி உள்ளே போயிருக்கும். குளிரில் அது சாகாது, தூங்கும், அவ்வளவுதான். வெளியே வந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடங்கும். வீட்டில் சுடுகிறவர்கள் கோடையில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பிரெட்டின் நடுப்பகுதி பிசுபிசுவென்று, பிய்த்தால் நூல் நூலாக இழுபட்டு, அளவுக்கு மீறிப் பழுத்த பழ வாசனை அடித்தால் அது பாசில்லஸ் வகை பாக்டீரியாவின் வேலை. அதன் வித்துகள் சுடும் சூட்டையும் தாங்கிவிடும். யோசிக்காமல் எறிந்துவிட்டு, டப்பாவையும் அறுத்த பலகையையும் வினிகர் போட்டுக் கழுவுங்கள்.

உங்கள் ஃபிரீசர் எந்த ரகம்

மூன்று மாதம் வைக்கலாம், நாலு மாதம் வைக்கலாம் என்று படிக்கிறீர்களே, அது எல்லாம் மைனஸ் 18 டிகிரியில் ஓடுகிற ஃபிரீசருக்குச் சொன்னது. வாடகை வீட்டிலும் மேன்ஷன் அறையிலும் இருக்கிற ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்பெட்டி அந்த அளவுக்குப் போகாமலும் இருக்கலாம். ஃபிரீசர் கதவிலோ பெட்டியின் உள்ளேயோ பனிப்பூ மாதிரி நட்சத்திரம் போட்டிருக்கிறதா பாருங்கள் (வெளியே ஒட்டியிருக்கும் மின்சாரச் சிக்கன நட்சத்திரம் வேறு, அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்). ஒன்று இருந்தால் மைனஸ் 6, இரண்டு என்றால் மைனஸ் 12, மூன்று என்றால் மைனஸ் 18. ஒரு நட்சத்திரப் பெட்டியில் பிரெட் ஒரு வாரம், மிஞ்சிப் போனால் பத்து நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பிரெட் அரைகுறையாகத்தான் உறைந்திருக்கும், இறுகலும் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். மூன்று நட்சத்திரம் என்றால் ஒரு மாதம் வரை வித்தியாசமே தெரியாது. மூன்று மாதம் வரை சாப்பிடலாம். அதற்கு மேலும் கெட்டுப்போகாது, ருசிதான் போகும்.

ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜ்காரர்களுக்கு இன்னும் இரண்டு தொல்லை உண்டு. ஒன்று, சுவரில் ஐஸ் ஏறிக்கொண்டே வரும். கவர் அந்தச் சுவரை ஒட்டி இருந்தால் அதிலேயே ஒட்டிப் பிடித்துக்கொள்ளும், இழுத்தால் கிழியும். பிரெட்டை நடுவில் வையுங்கள், இல்லாவிட்டால் ஒரு டப்பாவுக்குள் போட்டு வையுங்கள். இரண்டாவது, ஐஸ் கரைவதற்காகத் திருகின் நடுவில் இருக்கிற பொத்தானை அமுக்குவோமே, அதற்கு முன் பிரெட்டை எடுத்துவிட வேண்டும். மறந்துபோனால் எல்லாத் தண்ணீரும் அதன் தலையில்தான் இறங்கும். தானாகவே ஐஸ் கரைத்துக்கொள்கிற இரட்டைக் கதவு ரகத்தில் இந்தப் பாடு கிடையாது, ஆனால் அதன் காற்று ரொம்ப வறட்சி. சரியாகக் கட்டாத பிரெட்டின் ஓரம் அங்கே இரண்டே வாரத்தில் வெளுத்து, மரத்தூள் மாதிரி ஆகிவிடும். ஐஸ் தண்ணீராகாமல் நேராக ஆவியாகிப் போவதால் வருவது அது. சாப்பிட்டால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ருசி மட்டும் இருக்காது.

அப்புறம் வாடை. மீன் வைக்கிற வீடு, கருவாடு வைக்கிற வீடு, வெள்ளிக்கிழமைக்கு வாங்கிய மல்லிகைச் சரத்தைப் பையோடு உள்ளே தள்ளுகிற வீடு, எந்த வீடாக இருந்தாலும் பிரெட் அந்த வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். பச்சை மீனுக்கும் கறிக்கும் கீழே பிரெட்டை ஒருநாளும் வைக்க வேண்டாம், மேலேயோ தனி டப்பாவிலோதான் இருக்க வேண்டும்.

கட்டுவது

ஒரு வேளைக்கு எத்தனை ஸ்லைஸ் எடுப்பீர்களோ அத்தனைதான் ஒரு பொட்டலம். தனியாள் என்றால் இரண்டு, இரண்டு பேர் என்றால் நாலு. இதைவிட முக்கியமான விஷயம் இந்தக் கட்டுரையில் வேறு கிடையாது. முழுப் பாக்கெட்டையும் அப்படியே தள்ளிவிட்டு, வேண்டும்போதெல்லாம் எடுத்து, இரண்டு பிய்த்து, மறுபடி வைத்து என்று செய்தால், ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் நம் ஊர்க் காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து, திரும்ப உள்ளே போய் ஐஸாகி, கடைசியில் இருக்கிற ஸ்லைஸ்களில் ஐஸ் மணல் மணலாக ஒட்டிக்கொண்டிருக்கும். தட்டையான சின்னப் பொட்டலம் சீக்கிரம் உறையும் என்பது கூடுதல் லாபம்.

கடைப் பாக்கெட்டின் கவர் மெல்லியது. பத்து நாளுக்குள் தீர்த்துவிடுவீர்கள் என்றால் அதுவே போதும், வாயை முறுக்கி கிளிப் போட்டால் சரி. அதற்கு மேல் போகும் என்றால் ஜிப் கவர் வேண்டும். ஸ்லைஸ்களை கவரில் போட்டு, உள்ளங்கையால் மெதுவாக, பிரெட் நசுங்காத அளவுக்குத் தடவிக் காற்றை வெளியேற்றி, கடைசியில் ஒரு விரலளவு திறப்பு இருக்கும்போது அதில் ஸ்ட்ராவைச் செருகி மீதிக் காற்றை உறிஞ்சிவிட்டு மூடிவிடுங்கள். சிரிக்காதீர்கள், நன்றாகவே வேலை செய்யும். ஜிப் கவர் இல்லையென்றால் அலுமினியம் ஃபாயிலில் இறுக்கமாகச் சுற்றி, அதன்மேல் ஒரு சாதாரண கவர். செய்தித்தாளில் சுற்றுவது கூடாது. மை ஒட்டும், காற்றும் புகும்.

நடுவில் பட்டர் பேப்பர் வைக்க வேண்டுமா என்றால், சாதாரண மைதா பிரெட்டுக்குத் தேவையில்லை, உறைந்த பிறகும் ஸ்லைஸ்கள் கத்தி முனையால் லேசாக நெம்பினால் பிரிந்துவிடும். ஈரப்பதம் கூடுதலான பிரெட், வாழைப்பழ பிரெட், வீட்டில் கையால் ஒழுங்கில்லாமல் அறுத்த ஸ்லைஸ் இவற்றுக்கு வையுங்கள். மறக்காமல் மார்க்கரால் தேதி எழுதுங்கள். ஃபிரீசருக்குள் போன எதுவுமே போன வாரம் போனது மாதிரிதான் தோன்றும்.

மேலே கனமாக எதையும் வைக்காமல் முதல் நாலைந்து மணி நேரம் படுக்கை வாட்டில் தட்டையாக இருக்கட்டும். உறைந்து கல்லான பிறகு நிறுத்தி அடுக்கிக்கொள்ளலாம். இடம் மிச்சமாகும், தேதியும் தெரியும்.

எடுப்பது: ஸ்லைஸ் பிரெட்

டோஸ்ட் சாப்பிடப் போகிறீர்கள் என்றால் குளிர் விடும் வரை காத்திருக்கவே வேண்டாம். ஃபிரீசரிலிருந்து நேராக டோஸ்டர். டோஸ்டரில் பனிப்பூ போட்ட பொத்தான் இருந்தால் அதை அமுக்குங்கள், இல்லையென்றால் வழக்கமான எண்ணைவிட ஒன்று கூட்டி வைத்தால் போதும். ஸ்லைஸ் மெல்லியது, சூடும் பலமாக இருப்பதால் அந்த ஆபத்தான குளிரை ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடும், இறுகியிருந்த கொஞ்சநஞ்சமும் 60 டிகிரியைத் தாண்டியதும் தளர்ந்துவிடும். அன்று வாங்கிய பிரெட்டில் போட்ட டோஸ்டுக்கும் இதற்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

டோஸ்டர் இல்லாதவர்களுக்குத் தோசைக்கல்தான், சொல்லப்போனால் எனக்கு அதுதான் பிடிக்கும். கல் மிதமாகக் காய்ந்ததும் தீயைக் குறைத்து, நெய்யோ வெண்ணெயோ போடாமல், உறைந்த ஸ்லைஸை அப்படியே வைத்து மேலே ஒரு மூடி போடுங்கள். ஒரு நிமிடம். உள்ளே இருக்கிற ஐஸ் ஆவியாகி, மூடிக்குள்ளேயே சுற்றி, பிரெட்டை உள்ளிருந்து மெத்தென்று ஆக்கும். பிறகு மூடியை எடுத்துத் திருப்பிப் போட்டு, இப்போது நெய் தடவி, தீயைக் கொஞ்சம் கூட்டி இரண்டு பக்கமும் பொன்னிறமாக்குங்கள். தொடக்கத்திலேயே நெய் விட்டால், ஐஸ் தண்ணீரும் நெய்யும் சேர்ந்து படபடவென்று தெறிக்கும், பிரெட்டும் ஊறிப்போகும். பிரெட் ஆம்லெட்டுக்கும் இதே வழிதான், முட்டை ஊற்றுவதற்கு முன் ஸ்லைஸை இப்படி ஒரு நிமிடம் மூடி வைத்து எடுத்துவிட வேண்டும்.

டோஸ்ட் வேண்டாம், மெத்தென்ற பிரெட்டாகவே ஜாம் தடவித் தின்ன வேண்டும் என்றால், கவரைத் திறக்காமல் அப்படியே மேடையில் வையுங்கள். திறக்காமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன். குளிர்ந்த பொருள்மேல் காற்றின் ஈரம் முத்து முத்தாகப் படியும், சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் இது ரொம்ப அதிகம். கவர் மூடியிருந்தால் அந்தத் தண்ணீர் கவரின் வெளிப்பக்கம் நிற்கும், திறந்திருந்தால் பிரெட்டின் மேல் நிற்கும். இரண்டு ஸ்லைஸ் பொட்டலம் 15, 20 நிமிடத்தில் தயார். நாலு என்றால் அரை மணி. முழுப் பாக்கெட்டை எடுத்தால் இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், இரவு எடுத்து வைத்தால் காலைக்கு ஆயிற்று. எறும்பு வருகிற வீடாக இருந்தால் மூடி போட்ட டப்பாவுக்குள் வைத்துவிடுங்கள்.

கறி, மீன் மாதிரி இதையும் ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துத்தான் குளிர் விட வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். வெறும் பிரெட்டுக்கு அது தேவையில்லை, கெடுதலும்கூட. எந்தக் குளிரைச் சீக்கிரம் தாண்ட வேண்டும் என்றோமோ அங்கேயே ராத்திரி முழுக்க உட்கார வைப்பதாகிவிடும். கோழி, முட்டை, கிரீம் வைத்த பொருளுக்குத்தான் கீழ்த்தட்டு.

மைக்ரோவேவ் பற்றி. அவசரத்துக்கு உதவும், ஆனால் அதில் சூடாக்கிய பிரெட்டை ஆறவிட்டால் ரப்பர் மாதிரி ஆகிவிடும். ஒரு ஸ்லைஸை லேசாக நனைத்துப் பிழிந்த டிஷ்யூ பேப்பரில் சுற்றி 10 முதல் 15 வினாடி, அதற்கு மேல் வேண்டாம், எடுத்த உடனே வாயில் போட்டுவிட வேண்டும். போனில் பேசிக்கொண்டு பத்து நிமிடம் கழித்து வந்தால் அது உங்களுக்காகக் காத்திருக்காது.

பள்ளிக்கும் ஆபீசுக்கும் டப்பா கட்டுகிறவர்களுக்கு ஒன்று. உறைந்த ஸ்லைஸில் வெண்ணெய் தடவுவது சுலபம், பிய்ந்து வராது. காலை ஏழரைக்கு உறைந்த ஸ்லைஸ் இரண்டில் வெண்ணெயோ கடலை வெண்ணெயோ தடவி, ஒட்டி, டப்பாவில் வைத்தால் இடைவேளைக்கு அது சரியான பதத்தில் இருக்கும். புதினா சட்னி வைப்பதாக இருந்தால் முதலில் வெண்ணெய், அதன்மேல் சட்னி, இல்லாவிட்டால் பிரெட் சட்னியைக் குடித்துவிடும்.

பன், பாவ், முறுகலான ரொட்டி

பன்னையும் பாவையும் ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் உறைய வைக்க வேண்டும். இரண்டாக அறுத்தே வைத்துவிட்டால் இன்னும் நல்லது. எடுக்கும்போது இட்லிப் பானை கைகொடுக்கும். தட்டில் துணி விரித்து, உறைந்த பன்னை வைத்து, மேலே தண்ணீர் சொட்டாமல் இன்னொரு துணியால் போர்த்தி, தண்ணீர் நன்றாகக் கொதித்த பிறகு மூன்று நாலு நிமிடம் ஆவி காட்டினால் அப்போதுதான் வந்த மாதிரி இருக்கும். பிறகு வெண்ணெய் போட்டுக் கல்லில் ஒரு புரட்டு. கிரீம் பன் வேண்டாம், கிரீம் பிரிந்து தண்ணீர் விடும். தேங்காய் பன் தாங்கும், ஆனால் பதினைந்து நாளைக்கு மேல் தேங்காயின் எண்ணெய் வாசனை மாறத் தொடங்கும்.

பாண்டிச்சேரி போய்விட்டு வருகிறவர்கள் வாங்கி வருகிற நீள பகெட் ரொட்டியும், இலங்கைத் தமிழர்கள் விரும்பிச் சாப்பிடுகிற ரோஸ் பாணும், மேல்தோல் முறுகலாக இருக்கிற எல்லாமும் வேறு ஜாதி. இவற்றில் முறுகல்தான் பாதி ருசி, அது சில மணி நேரத்திலேயே போய்விடும். நடுவில் இருக்கிற ஈரம் தோலுக்கு வந்து அதைத் தோல்செருப்பு மாதிரி இழுக்க வைத்துவிடும். எனவே வாங்கிய அன்றே, ஊர் திரும்பிய உடனே, ஒரு வேளைக்கு ஆகிற நீளத்துக்கு வெட்டி ஃபாயிலில் சுற்றி, கவரில் போட்டு உள்ளே வைத்துவிடுங்கள். எடுத்ததும் ஃபாயிலோடு வெளியே முக்கால் மணி நேரம் வைத்து, ஃபாயிலைப் பிரித்து, கையைத் தண்ணீரில் நனைத்து மேல்தோலை மட்டும் ஒரு தடவு தடவி, 180 டிகிரிக்குச் சூடான ஓடிஜியில் (மேஜை மேல் வைக்கிற சின்ன மின்சார ஓவன்) எட்டு முதல் பத்து நிமிடம் வையுங்கள். ஏர் ஃபிரையர் என்றால் 170 டிகிரியில் நாலைந்து நிமிடம் போதும். பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், காற்று பலமாக அடிப்பதால் முனை சட்டென்று கருகும். அந்தத் தண்ணீர் ஆவியாகும் நேரத்தில் உள்பக்கம் சூடேறித் தளரும், தண்ணீர் போனதும் தோல் முறுகும். இந்தப் புத்துயிர் ஒரு வேளைக்குத்தான். ஆறினால் முன்பைவிட வேகமாகக் கெட்டியாகும், ஆகவே சாப்பிடுகிற அளவு மட்டும் சூடாக்குங்கள்.

முழு வட்ட ரொட்டி, வீட்டில் சுடுகிற சவர்டோ என்ற புளித்த மாவு ரொட்டி, இவற்றையும் முழுசாக உறைய வைக்க முடியும்தான், ஆனால் அதன் நடுப்பகுதி உறையவும் நேரமாகும், குளிர் விடவும் நேரமாகும். ஸ்லைஸ் போட்டு வைப்பதே மேல்.

எவற்றை வைக்க வேண்டாம்

காய்கறி வைத்த சாண்ட்விச்சை அப்படியே வைக்க வேண்டாம். வெள்ளரியும் தக்காளியும் வெளியே வந்ததும் தண்ணீராகும், வேகவைத்த முட்டையின் வெள்ளை ரப்பராகும், மயோனைஸ் பிரிந்து எண்ணெய் தனியாக நிற்கும். ரஸ்க்குக்கு ஃபிரீசரே வேண்டாம், காற்றுப் புகாத டப்பா போதும். ஏற்கனவே ஒரு தடவை உறைந்து குளிர் விட்ட பிரெட்டை மறுபடி வைக்கலாமா என்று கேட்பார்கள். பூஞ்சையோ வாடையோ இல்லையென்றால் வைக்கலாம், ஆபத்து ஒன்றும் இல்லை, ஆனால் வறட்சி கூடிவிடும். அதை டோஸ்டுக்கு மட்டும் ஒதுக்குங்கள், அல்லது பிரெட் உப்புமாவுக்கு.

யாரும் தொடாத இரண்டு முனைத் துண்டுகளுக்குத் தனியாக ஒரு கவர் போட்டு வையுங்கள். ஒரு கை அளவு சேர்ந்ததும், உறைந்த நிலையிலேயே உடைத்து மிக்சியில் விட்டு விட்டு ஓட்டினால் கட்லெட்டுக்கு அருமையான தூள் கிடைக்கும். மெத்தென்ற பிரெட் மிக்சியில் உருண்டு சுற்றும், உறைந்தது பொலபொலவென்று உதிரும்.

சர்க்கரை நோயாளிகள் பிரெட்டை உறைய வைத்து டோஸ்ட் போட்டுச் சாப்பிட்டால் சர்க்கரை ஏறாது என்று வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முழுப் பொய் இல்லை. 2008இல் பிரிட்டனில் வெளிவந்த சிறிய ஆய்வொன்றில், உறைய வைத்து டோஸ்ட் செய்த வெள்ளை பிரெட் ரத்தச் சர்க்கரையைச் சற்றுக் குறைவாக ஏற்றியது, கொஞ்சம் ஸ்டார்ச் செரிக்கக் கடினமான வடிவத்துக்கு மாறுவதால். ஏறவே ஏறாது என்பது வேறு, சற்றுக் குறைவு என்பது வேறு. மைதா மைதாதான், மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்.

சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் இது செல்லுமா

செல்லும், சின்ன மாற்றங்களோடு. சப்பாத்தியை இரண்டு பக்கமும் பாதி வேக்காட்டில், புள்ளி விழுவதற்கு முன் எடுத்து, நன்றாக ஆறவிட்டு, இடையிடையே பட்டர் பேப்பர் வைத்து அடுக்கி உறைய வைத்தால் ஒரு மாதம் தாராளமாக இருக்கும். பேப்பர் இல்லாமல் அடுக்கினால் எல்லாம் ஒரே அடையாகிவிடும். கடையில் கிடைக்கிற உறைந்த பரோட்டாவும் சரி, இந்தச் சப்பாத்தியும் சரி, வெளியே வைத்துக் குளிர் விட வேண்டாம். பிசுக்கென்று ஆகி, பேப்பரை விட்டு வராது. நேராகக் காய்ந்த கல்லில் போட வேண்டும். ஹோட்டலில் வாங்கி மிஞ்சிய பரோட்டா என்றால், அன்று இரவே தனித்தனியாகச் சுற்றி வைத்து, எடுக்கும்போது கல்லில் மூடி போட்டுச் சூடாக்கி, கடைசியில் இரண்டு கையாலும் ஓரத்தை அடித்து உதிர்த்துக்கொள்ளுங்கள்.

கரண்ட் போனால்

நிறைந்திருக்கிற பெரிய ஃபிரீசர், கதவைத் திறக்காமல் இருந்தால், ஏறக்குறைய இரண்டு நாள் குளிரைப் பிடித்து வைத்திருக்கும், பாதி நிறைந்தது ஒரு நாள். ஒற்றைக் கதவு ஃபிரிட்ஜின் மேல்பெட்டிக்கு இந்தக் கணக்கு செல்லாது, சில மணி நேரத்திலேயே ஓரங்கள் தளரும். பிரெட்டைப் பொறுத்தவரை பெரிதாகப் பயப்பட ஒன்றுமில்லை, மீன், கறி மாதிரி விஷமாகாது. தளர்ந்திருந்தால் அன்றைக்கும் மறுநாளுக்கும் தின்று தீர்க்க வேண்டும். பக்கத்தில் உருகிய மீன் தண்ணீர் கவருக்குள் இறங்கியிருந்தால் மட்டும் யோசிக்காமல் எறியுங்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் சில பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நாளில் கேஸ் அடுப்பும் தோசைக்கல்லும் இருந்தால் உறைந்த பிரெட் இரண்டு வேளைச் சாப்பாடு.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ ஊருக்குப் போய்விட்டு வருகிறீர்கள், இடையில் கரண்ட் போய் எல்லாம் உருகி மறுபடி உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வரும். கிளம்புவதற்கு முந்தைய நாள் ஒரு சின்ன டம்ளரில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வரும்போது நாணயம் மேலேயே இருந்தால் எதுவும் உருகவில்லை. டம்ளரின் அடியில் இருந்தால் எல்லாம் ஒரு தடவை முழுசாக உருகியிருக்கிறது. அப்படியென்றால் கறியும் மீனும் குப்பைக்கு. பிரெட்டை வெளிச்சத்தில் பிரித்துப் பாருங்கள், பொட்டும் வாடையும் இல்லையென்றால் அன்று மாலையே டோஸ்ட் போட்டுவிடலாம்.